பழைய ஸ்டேஷன் வேகனும் மதுரையின் மழைக்காலமும்

(மதுரையில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பழைய ஸ்டேஷன் வேகன் ஒன்றை மழைக்காலத்திலும் அதைத் தொடர்ந்து வரும் பனிக்காலத்திலும் அன்றாடம் ஓட்டுவதற்கு ஏற்றபடி எப்படித் திருத்தி அமைப்பது, எப்படிப் பராமரிப்பது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம். ஒரு காரைப் பற்றிப் பேச ஒரு சபையைக் கூட்ட வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். ஒரு குடும்பத்தின் உயிர்களையும், அது பாடுபட்டுச் சேர்த்த பொருளின் ஒரு பகுதியையும் சுமந்துகொண்டு, இருட்டிலும் மழையிலும் பள்ளம் மேடான சாலையில் ஓடும் யந்திரத்தைப் பற்றி நிதானமாகச் சிந்திப்பது அவசியம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

முதலில் பருவத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் வண்டி ஓட்டுவது என்றால் மேல்நாட்டார் மனத்தில் தோன்றும் சித்திரம் வேறு. ஸ்வீடன் தேசத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, சாலையில் உறைபனி இருக்கும் நாட்களில், அதற்கென்றே செய்த டயர்களோடுதான் கார் ஓட வேண்டும் என்பது சட்டம். அங்கெல்லாம் பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு, காரின் அடித்தகட்டை அரித்துத் தின்றுவிடுகிறது. நம் பாண்டிநாட்டுச் சமவெளியிலோ மார்கழி, தை மாத விடியலில்கூட வெப்பமானி 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். உறைபனியும் நமக்கில்லை, உப்புச் சாலையும் நமக்கில்லை. நமக்கு வாய்த்திருப்பது வடகிழக்குப் பருவமழை. ஐப்பசியில் இறங்கிக் கார்த்திகை முழுவதும் பெய்து மார்கழியில் ஓயும் அந்த மழைதான் நம்முடைய குளிர்காலம். 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் தேதி இந்த மதுரை மாநகரில் கொட்டிய மழையையும், செல்லூர்ப் பகுதியில் பந்தல்குடிக் கால்வாய் பெருகி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததையும் உங்களில் பலர் கண்ணால் கண்டிருப்பீர்கள். அப்படிப்பட்ட ஒரு நாளில் நம்மைப் பத்திரமாக வீடு சேர்க்கும் யோக்கியதை நம் வண்டிக்கு உண்டா என்பதே நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

இனி வண்டியைப் பற்றி. பின்புறம் டிக்கிக்குப் பதிலாகக் கூரையோடு நீண்ட சாமான் அறையும், மேல்நோக்கித் திறக்கும் கதவும் கொண்ட ஸ்டேஷன் வேகன் என்னும் ஜாதி, நம் தேசத்தில் எந்தக் காலத்திலும் ஏராளமாக இருந்ததில்லை. 1948-இல் சென்னையில் ஆரம்பித்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி, 1961 முதல் ஹெரால்டு காரைச் செய்து வந்த காலத்தில், கம்பானியன் என்ற பெயரில் அதன் வேகன் வடிவத்தையும் செய்தது. பிறகு நெடுங்கால இடைவெளிக்குப் பின் 1992-இல் டாடா நிறுவனத்தார் எஸ்டேட் என்னும் டீசல் வண்டியை வெளியிட்டார்கள். அதற்கு நான்காண்டுகளுக்கு முன் வந்த டாடாமொபைல் என்ற சாமான் வண்டியின் அடித்தளத்தையும், 1948 சி.சி. கொள்ளளவுள்ள டீசல் இன்ஜினையும் வைத்துக் கட்டியது அது. பின்னர் மாருதியின் பலேனோ ஆல்டுராவும், 2004-இல் டாடாவின் இண்டிகோ மரினாவும் வந்து போயின. எதுவும் விற்பனையில் நிலைக்கவில்லை. ஆயினும் மாட்டுத்தாவணிக்கு மல்லிகை மூட்டை ஏற்றிச் செல்பவருக்கும், ஜவுளிக் கட்டுகளோடு ஊர் ஊராகச் செல்லும் வியாபாரிக்கும், கல்யாணச் சமையலுக்குப் பாத்திரம் சுமக்கும் ஒப்பந்தக்காரருக்கும், வயதான பெற்றோரும் குழந்தைகளுமாக ஒரே வண்டியில் குலதெய்வம் கும்பிடப் போகும் குடும்பத்துக்கும் இதைவிடச் சௌகரியமான வாகனம் வேறில்லை என்பதால், மதுரையிலும் சுற்றுப்புறத்திலும் சில பழைய வேகன்கள் இன்றும் அன்றாடம் உழைத்துக்கொண்டிருக்கின்றன. என் பேச்சு அவற்றைக் குறித்தது.

பழைய வண்டியை மழைக்குத் தயார் செய்கிறேன் என்று புறப்படுபவர்களில் பலர், முதலில் வாங்குவது அலங்காரச் சாமான்களை. கண்ணைப் பறிக்கும் விளக்கு, அகன்ற டயர், கூரைமேல் கேரியர், உரத்த ஹாரன் என்று பட்டியல் நீளும். என் அனுபவத்தில் நான் கண்டது இதற்கு நேர்மாறானது. நம் ஊரில் ஓடும் ஒரு பழைய வண்டிக்கு மழைக்காலத்தில் நேரும் துன்பங்களில் பெரும்பகுதி, அதில் ஏதோ ஒன்று இல்லாததால் வருவதில்லை. தயாரித்தவன் வைத்த ஏதோ ஒன்றை, கோடை வெயிலுக்குப் பயந்தோ செலவுக்குப் பயந்தோ நாம் கழற்றி எறிந்துவிட்டதால் வருகிறது. ஆகவே திரும்ப வைக்க வேண்டியதைத் திரும்ப வைப்பதே முதல் சீர்திருத்தம். தயாரித்தவன் நம் மழையை அறியாமல் விட்ட இடத்தில் மட்டும் புதிதாகச் சேர்ப்பது இரண்டாவது. இந்த வரிசை மாறக்கூடாது. இன்று நான் சொல்லப்போகும் அனைத்துக்கும் அடிப்படை இதுவே.

இதற்கு மிகத் தெளிவான உதாரணம் தெர்மோஸ்டாட் வால்வு. இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுத்து, சுமார் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் வழிதிறந்துவிடும் சிறிய உறுப்பு அது. சித்திரை வெயிலில் வண்டி கொதிக்கிறது என்று பட்டறைக்கு வந்தால், அநேகமாக முதலில் பலியாவது இந்த வால்வுதான். அதைக் கழற்றிவிட்டால் தண்ணீர் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும், கொதிப்பு தற்காலிகமாகத் தணியும், வண்டிக்காரரும் திருப்தியோடு போய்விடுவார். கொதிப்புக்கு உண்மையான காரணம் அடைபட்ட ரேடியேட்டரோ, தளர்ந்த ஃபேன் பெல்ட்டோ, தேய்ந்த வாட்டர் பம்போ ஆக இருக்கும். அது அப்படியே கிடக்கும். மழைக்காலம் வந்தவுடன் இதன் விளைவு தெரிய ஆரம்பிக்கும். இன்ஜின் தனக்குரிய சூட்டை அடைவதற்கு முன்பே நாம் போகவேண்டிய இடம் வந்துவிடுகிறது. சூடு குறைந்த இன்ஜினில் டீசல் முழுமையாக எரிவதில்லை. எரியாத எரிபொருள் ஆயிலில் கலக்கிறது. கிராங்க் அறையில் தங்கும் ஈரம் ஆவியாகி வெளியேற வழியின்றிக் குழம்பாகப் படிகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் உட்புறத்தைப் பாருங்கள். வெண்மையும் மஞ்சளுமாக நுரைக்குழம்பு ஒட்டியிருந்தால், கேஸ்கட் போய்விட்டதோ என்று அஞ்சுவதற்கு முன், தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று பாருங்கள். ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, வால்வைத் திரும்ப வைத்தால், இன்ஜின் தன் சுபாவத்துக்குத் திரும்பும். டீசல் செலவும் குறையும்.

அடுத்தது ஹீட்டர். மதுரையில் காருக்கு ஹீட்டர் எதற்கு என்று கேட்காதவர் இல்லை. பழைய வண்டிகளில் ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களில் ஒன்று கசிந்தவுடன், புது ஹோஸ் போடுவதற்குப் பதிலாக இரண்டையும் வெட்டி ஒன்றோடொன்று இணைத்து கிளாம்ப் போட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் ஹீட்டரின் பிரதான உபயோகம் காலைச் சூடேற்றுவதன்று, கண்ணாடியை உலர்த்துவது. நனைந்த உடையோடு ஐந்தாறு பேர் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தியவுடன், அவர்களுடைய மூச்சிலும் துணியிலும் உள்ள ஈரம் முன்கண்ணாடியில் படிந்து பார்வையை மறைத்துவிடுகிறது. கையால் துடைத்தால் பிசுக்கு ஏறி எதிர்வரும் விளக்கொளி சிதறுகிறது. ஏர் கண்டிஷனரை இயக்கினால் அது உள்ளே உள்ள காற்றின் ஈரத்தை வடிக்கும். ஹீட்டரையும் சேர்த்து இயக்கி, காற்றைக் கண்ணாடிமேல் திருப்பினால், உலர்ந்த இளஞ்சூடான காற்று சில நிமிஷங்களில் திரையை விலக்கிவிடும். காற்று வெளியிலிருந்து வரும்படி வைப்பது முக்கியம். உள்காற்றையே சுழலவிட்டால் ஈரம் உள்ளேயே சுற்றும். ஏர் கண்டிஷனர் இல்லாத பழைய வண்டியிலும் ஹீட்டர் மட்டுமே பெரும்பகுதி வேலையைச் செய்துவிடும். ஆகவே வெட்டிய ஹோஸை மாற்றி ஹீட்டரை உயிர்ப்பிப்பது, நூறு ஊதா விளக்குகளைவிட மேலான சீர்திருத்தம்.

ரேடியேட்டரில் ஊற்றும் தண்ணீரைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். கூலன்ட் என்பது பனி உறையும் நாட்டாருக்கான சரக்கு என்று கருதி, ஆழ்குழாய்த் தண்ணீரையே ஊற்றி வருகிறோம். கூலன்ட் உறைவதைத் தடுப்பதோடு கொதிநிலையை உயர்த்துகிறது. உட்புற உலோகத்தில் துருப் பிடிக்காமலும் காக்கிறது. நம் ஊர் உப்புத் தண்ணீரோ, குடத்தின் அடியில் படிவதுபோலவே ரேடியேட்டர்க் குழாய்களிலும் சுண்ணாம்பாகப் படிந்து வழியை அடைக்கிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்ற வைத்த கொதிப்புக்கு ஆதிமூலம் பல சமயங்களில் இந்தத் தண்ணீர்தான்.

இனி வண்டியின் உடம்புக்கு வருகிறேன். வடக்கத்தி நாடுகளில் உப்பு செய்யும் வேலையை, நம் ஊரில் தேங்கிய தண்ணீரும் ஈரமண்ணும் செய்கின்றன. திருமங்கலம், கள்ளிக்குடி வட்டாரக் கரிசல் மண் சக்கர வளைவுக்குள் அப்பிக்கொண்டால், மழை ஓய்ந்து நாட்கள் பல சென்றபின்பும் ஈரம் காயாமல் தகட்டை அரித்துக்கொண்டிருக்கும். அடித்தகட்டில் பழைய இன்ஜின் ஆயிலைப் பூசும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது சில நாட்களில் கரைந்து போவதோடு, தெறிக்கும் இடத்திலுள்ள ரப்பர் புஷ்களையும் பிரேக் ஹோஸ்களையும் ஊதவைத்துக் கெடுக்கிறது, மண்ணையும் பாழாக்குகிறது. மண்ணை முழுக்கக் கழுவி, நன்றாக உலரவிட்டு, துருவைச் சுரண்டி எடுத்து, பிரைமர் பூசி, அதன்மேல் அண்டர் கோட்டிங் அடிப்பதே முறை. துருவின்மேல் அண்டர் கோட்டிங் அடித்தால், நோயை உள்ளே வைத்துத் தையல் போட்ட கதையாக, துரு மறைவில் வளரும்.

தண்ணீர் வண்டிக்குள் வரவே கூடாது என்று எண்ணி எல்லா ஓட்டைகளையும் எம்-சீல் வைத்து அடைப்பவர்கள் உண்டு. இது பெரும் பிசகு. கதவுக் கண்ணாடி இறங்கும் பிளவின் வழியே கதவின் உட்புறத்துக்குத் தண்ணீர் எப்போதும் வந்துகொண்டுதான் இருக்கும். தயாரித்தவனும் அதை அறிந்தே, கதவின் அடிவிளிம்பில் சிறு துவாரங்களை வைத்திருக்கிறான். முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் தண்டு இருக்கும் பள்ளத்துக்கும், பின்கதவின் அடிவிளிம்புக்கும் அப்படியே வடிகால் உண்டு. வேப்பஞ்சருகும் புழுதியும் சேர்ந்து அந்தத் துவாரங்களை அடைத்துவிட்டால், தண்ணீர் உள்ளேயே நின்று தகட்டை அடியிலிருந்து அரிக்கும். அல்லது கால்வைக்கும் இடத்துக்கு வழிந்து, விரிப்பின் கீழே உள்ள சணல் மெத்தையை நனைத்துவிடும். விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை எடுத்து, கதவின் அடியில் உள்ள துவாரத்தில் நுழைத்து மெல்லத் திருப்பிப் பாருங்கள். முதலில் பொடியாகக் காய்ந்த மண் உதிரும். பிறகு கறுத்த சேறு நூலாக வடியும். அதன்பின், சென்ற மழையின் தண்ணீரே அரை டம்ளர் அளவுக்கு ஒழுகி வருவதைப் பல வண்டிகளில் காணலாம். நம் முன்னோர் ஐப்பசி மழை இறங்குமுன் ஊர் கூடிக் கண்மாயின் மடையையும் கலுங்கையும் வரத்துக் காலையும் செப்பனிட்டுக் குடிமராமத்துச் செய்தார்களே, அதன் தத்துவம் இதுதான்: வரும் நீரைத் தடுப்பதைவிட, போகவேண்டிய வழியில் போகவிடுவதே காப்பு.

ஸ்டேஷன் வேகனுக்கே உரிய பிரத்தியேகமான ஒரு விஷயம் அதன் பின்கதவு. செங்குத்தாக முடியும் அந்தப் பின்புறத்தில், வண்டி ஓடும்போது காற்று சுழித்து உட்புறமாக இழுக்கும். அதனால் சக்கரங்கள் கிளப்பும் சேற்றுத்துளிகள் பின்கண்ணாடியில் வந்து படிகின்றன. பின்வைப்பர் வேகனுக்கு ஆடம்பரமன்று, அவசியம். இதைவிட முக்கியமான ஆபத்து ஒன்று உண்டு. பின்கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் காய்ந்து வெடித்திருந்தால், அதே சுழிக்காற்று சைலன்சர்ப் புகையையும் வண்டிக்குள் இழுத்துவிடும். மழைக்காக எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டுப் பிரயாணம் செய்யும்போது, புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் நிறமும் மணமும் அற்ற விஷவாயு உள்ளே தங்கித் தலைவலியையும் மயக்கத்தையும் உண்டாக்கும். பின்சீட்டில் உறங்கும் குழந்தைகளை அது முதலில் பாதிக்கும். சாமான் நீளமாக இருக்கிறதென்று பின்கதவைத் திறந்தபடி கயிற்றால் கட்டிக்கொண்டு ஓட்டுவதும் இதே காரணத்தால் தவறு. பீடிங்கைப் பரிசோதிப்பது எளிது. ஒரு காகிதத் துண்டைக் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள்; தடையின்றி உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பீடிங் செத்துவிட்டது என்று அர்த்தம். கதவைச் சுற்றிலும் இப்படிப் பார்க்க வேண்டும். பழைய எஸ்டேட்டுக்கு இன்ஜின் சாமான்கள் கிடைப்பதில் அவ்வளவு சிரமமில்லை. 1994 முதல் வந்த சுமோவும் அதே இன்ஜின் குடும்பத்தைச் சேர்ந்ததால் உதவுகிறது. பின்கதவுக் கண்ணாடி, பின்விளக்கு, பீடிங் போன்ற உடம்புச் சாமான்கள்தாம் அரிது. அளவொத்த வேறு வண்டியின் பீடிங்கை வெட்டிப் பொருத்துவது அனுமதிக்கத்தக்க மாற்றமே.

தேங்கிய தண்ணீரில் வண்டியை இறக்குவது பற்றி எச்சரிக்க வேண்டியது என் கடமை. டீசல் இன்ஜினுக்குத் தீப்பொறி தேவையில்லை. ஆகையால் பெட்ரோல் வண்டியின் டிஸ்ட்ரிப்யூட்டர் நனைந்து நின்றுவிடும் இடத்திலும் டீசல் வண்டி போய்க்கொண்டிருக்கும். இந்தத் தைரியமே அதன் சத்துரு. இவ்வகைப் பழைய டீசல் இன்ஜின் காற்றை இருபது மடங்குக்கு மேல் அமுக்கி அந்தச் சூட்டில் எரிபொருளை எரிப்பது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. ஏர் ஃபில்டர்க் குழாயின் வாய்வழியே சிறிது தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விட்டால், மேலேறும் பிஸ்டன் கல்லில் மோதியதுபோல் மோதி, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். உங்கள் வண்டியின் காற்றுக்குழாய் எந்த உயரத்தில் வாய் திறந்திருக்கிறது என்பதை இன்றே பானட்டைத் தூக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். அது தாழ்வாக இருந்தால், பானட்டுக்குள்ளேயே உயரமான, இன்ஜின் சூடு படாத ஓர் இடத்துக்கு அதன் வாயைத் திருப்பிவைப்பது நியாயமான சீர்திருத்தம். எவ்வளவு திருத்தினாலும், தண்ணீர் சக்கரத்தின் மையத்துக்கு மேல் இருந்தால் இறங்காதீர்கள். ரயில் பாதைக்கு அடியிலுள்ள தரைப்பாலங்களில் தண்ணீரின் ஆழம் கரையிலிருந்து பார்த்தால் தெரியாது. அங்கே சுற்றுவழியே நேர்வழி. தண்ணீருக்குள் வண்டி நின்றுவிட்டால் செல்ஃபை மறுபடி தொடாதீர்கள். தள்ளி மேட்டுக்குக் கொண்டுவந்து, மெக்கானிக் நாசில்களைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றும்வரை இன்ஜினைச் சுழற்றக்கூடாது. இப்படிக் கெட்ட இன்ஜினுக்கு, அதற்கென்று தனிச் சேர்க்கை எடுத்திராத சாதாரண இன்சூரன்ஸ் பாலிசி வழக்கமாகப் பணம் தருவதில்லை என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

எரிபொருள்வழி வரும் தண்ணீரும் ஒரு சத்துரு. பாதி காலியான டாங்கில் இரவுக் குளிர்ச்சியால் ஈரம் படிந்து துளித்துளியாக அடியில் சேர்கிறது. டீசல் ஃபில்டரின் அடியிலுள்ள வடிதிருகை மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை திறந்து, கண்ணாடிக் குவளையில் சிறிது பிடித்துப் பார்த்தால், டீசலுக்கு அடியில் தண்ணீர் தனியே நிற்பது தெரியும். டாங்கை மழைக்காலத்தில் பாதிக்குக் குறையவிடாமல் வைத்திருப்பது நல்ல பழக்கம். பெட்ரோலில் ஓடும் பழைய வண்டி வைத்திருப்பவர்கள், இப்போது பெட்ரோலில் கலந்துவரும் எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் சுபாவமுடையது என்பதையும், பழைய ரப்பர்க் குழாய்களை அது கெடுக்கக்கூடும் என்பதையும் அறிந்து, குழாய்களை மாற்றிக்கொள்வது உசிதம்.

வெளிச்சத்தைப் பற்றி எல்லோருக்கும் ஆசை உண்டு. பழைய வண்டியின் முகப்பு விளக்கு மங்கலாக எரிவதற்குப் பல்பு காரணமாக இருப்பது அபூர்வம். பாட்டரியிலிருந்து ஸ்விட்ச் வழியாக நீண்ட மெல்லிய வயரில் போய்வரும் மின்சாரம், துருப்பிடித்த எர்த் இணைப்புகளில் பலமிழந்துவிடுகிறது. எர்த் முனைகளைச் சுரண்டிப் பளபளப்பாக்கி இறுக்கி, விளக்குக்கு ரிலே ஒன்று வைத்துப் பாட்டரியிலிருந்து நேர்வயர் இழுத்தால், அதே பல்பு இருமடங்கு பிரகாசிப்பதுபோல் தோன்றும். ஸ்விட்சும் எரியாமல் பிழைக்கும். வேகனில் பின்புறம் பாரம் ஏற்றியவுடன் முன்புறம் நிமிர்ந்து, விளக்கொளி எதிர்வருபவர் கண்ணில் போய் விழும்; ஆகவே பாரத்தோடு சுவருக்கு எதிரே நிறுத்தி ஒளியின் உயரத்தைப் பார்த்துத் திருத்த வேண்டும். வாடிப்பட்டி, சோழவந்தான் வழியில் மார்கழி விடியலின் மூடுபனியில் தாழ்ந்த ஒளியே வழிகாட்டும். உயர்ந்த ஒளி பனியில் பட்டுத் திரும்பி நம் கண்ணையே மறைக்கும்.

டயரைப் பார்ப்போம். அதன் மேற்பரப்புப் பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டப்படியே அது உபயோகத்துக்கு உரியதன்று. மழைக்காலத்தில் அதற்கு முன்பே மாற்றிவிடுவது புத்தி. பட்டனின் பள்ளங்கள் தண்ணீரை வாரி வெளியே தள்ளும் கால்வாய்கள். அவை தேய்ந்தால் டயர் நீரின்மேல் மிதந்து ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாது. பழைய வண்டிகளில் பட்டன் நிறைய இருந்தும் ரப்பர் கெட்டியாகிவிட்ட டயர்கள் அதிகம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்களில் பிறந்த தேதி பொறித்திருக்கும். 3219 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 32-ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். வாங்கும்போதும் பார்க்க வேண்டும், வண்டியிலும் பார்க்க வேண்டும். நீண்ட வறட்சிக்குப் பின் பெய்யும் முதல் மழையில், சாலையில் படிந்திருந்த எண்ணெயும் புழுதியும் கரைந்து வழுக்கும் குழம்பாகும். அறுவடைக் காலத்தில் மேலூர்ப் பக்கத்துச் சாலைகளில் நனைந்த வைக்கோலும் அப்படியே. இவ்விடங்களில் எந்த டயரும் நிதானத்துக்கு ஈடாகாது.

நனைந்த டிரம் பிரேக் சில நொடிகள் பிடிக்காது. தண்ணீரைக் கடந்தவுடன் மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை இலேசாக மிதித்து உலர்த்திவிட வேண்டும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புள்ளது. ஈரம் ஏறிய ஆயில் மலையிறக்கத்தின் சூட்டில் கொதித்து, பெடலைக் காலடியில் தொய்யவிடும். ஆகையால் இரண்டாண்டுக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றியே தீர வேண்டும். கார்த்திகை, மார்கழியில் நம் பக்கத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் மாலை போட்டுக்கொண்டு தேனி, கம்பம் வழியாகக் குமுளி மலையேறிச் சபரிமலைக்குப் போகின்றன. வத்தலக்குண்டு வழியாகச் சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலுக்கும் போகின்றன. சமவெளியில் குளிரை அறியாத பாட்டரியும் ஹீட்டர் பிளக்குகளும் கொடைக்கானலின் மார்கழி விடியலில்தான் பரீட்சைக்கு வருகின்றன. புறப்படுமுன் அவற்றைச் சோதிப்பது நல்லது. ஏறும்போது எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவது என்ற பழைய டிரைவர்களின் விதி இன்றும் செல்லும். நிறைந்த வேகனில் கனமான சாமான்களைப் பின்சக்கர அச்சுக்கு முன்னால், தாழ்வாக வைக்க வேண்டும். கூரைக் கேரியரில் மூட்டைகளை அடுக்குவது வளைவுகளில் வண்டியைச் சாய்ப்பதோடு, கூரை ஓரத்து வாய்க்காலில் துருவுக்கும் இடம் கொடுக்கும்.

சட்டத்தையும் நாம் மதிக்க வேண்டும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியிருக்கிறது. வேறு இன்ஜின், உயர்த்திய சேஸிஸ், கண் கூசும் விளக்கு ஆகியவை அனுமதியின்றிச் செய்யத்தக்கவை அல்ல. பதினைந்து ஆண்டு நிறைந்த வண்டிக்கு மறுபதிவு உண்டு. பசுமை வரி உண்டு. 2022 ஏப்ரலில் மறுபதிவுக் கட்டணம் காருக்கு 5,000 ரூபாய் ஆயிற்று. நான் இன்று பரிந்துரைத்த சீர்திருத்தங்களில் பெரும்பாலானவை வண்டியை அதன் அசல் நிலைக்குத் திருப்புபவை. எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குப் போகும்போது அவை உங்களுக்குத் துணையாகவே இருக்கும்.

சகோதரர்களே! மோட்டார்த் தொழிலில் மதுரைக்கு ஒரு கௌரவமான சரித்திரம் உண்டு. 1912-இல் தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்கார் தம் தொழிலின் தலைமையிடத்தை மதுரையில் அமைத்ததும், இரண்டாம் உலகயுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காத காலத்தில் அவருடைய நிறுவனம் கரிவாயு யந்திரங்களைச் செய்து பஸ்களை ஓடவைத்ததும் இந்த ஊர்ப் பெருமைக்கு உரியவை. இல்லாததைச் சமாளித்து ஓடச்செய்யும் அந்தச் சாமர்த்தியம், இன்றும் நம் சிறு பட்டறைகளில் டிங்கரிங், லேத், ரேடியேட்டர், நாசில் வேலைகளில் தலைமுறையாகத் தேர்ந்தவர்களிடம் இருக்கிறது. ஆனால் அவர்களை நாம் அவசரப்படுத்துகிறோம். சாயங்காலத்துக்குள் வண்டி வேண்டும், செலவு குறைவாக வேண்டும் என்று நெருக்கினால், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி என்ன இருக்கிறது? வெட்டிய ஹோஸும், பூசி மறைத்த துருவும் மெக்கானிக்கின் குற்றமாக இருப்பதைக் காட்டிலும், அவகாசம் கொடுக்காத வண்டிக்காரரின் குற்றமாக இருப்பதே அதிகம்.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் இது. பழைய வேகனோ, பழைய அம்பாஸடரோ, எதுவாயினும் சரி, புரட்டாசி முடிவதற்குள் நான்கைந்து நாள் அவகாசத்தோடு பட்டறையில் விடுங்கள். புதிதாக என்ன மாட்டலாம் என்று கேட்காதீர்கள். இதில் என்னென்ன கழற்றப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். தெர்மோஸ்டாட், ஹீட்டர், வடிகால், பீடிங், எர்த், பிரேக் ஆயில், டயர் ஆகிய ஏழையும் ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். வேலைக்கு உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். அப்படிச் செய்த வண்டி, முப்பது வயதானாலும், ஐப்பசி மழையில் உங்களையும் உங்கள் குடும்பத்தையும் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்க்கும்.